கயிறு டீச்சரின் பதினாறு வரைபடங்கள்

உங்கள் வீட்டிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் ஓர் ஓடையோ வாய்க்காலோ குளமோ இருக்கும். அதன் அகலம் எவ்வளவு, சொல்லுங்கள் பார்ப்போம்? இரண்டு கையையும் விரித்துக் காட்ட வேண்டாம். எத்தனை மீட்டர், எந்த இடத்தில், என்றைக்கு அளந்தது?

தெரியாதென்றால் கொஞ்சம் கூச்சப்படலாம். ரொம்பவும் வேண்டாம். ஒரே ஓடையை, ஒரே பாறையிலிருந்து, பதினாறு ஆண்டுகள் விடாமல் அளந்த ஒருவரையே இந்தக் கேள்வி ஒரு முற்பகலில் வாயடைக்க வைத்துவிட்டது.

அவர் ஓர் ஆரம்பப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு ஆசிரியை. பிள்ளைகள் வைத்த பெயர் கயிறு டீச்சர். மழை ஓய்ந்து ஓடை முழங்கால் அளவுக்கு வற்றுகிற மாதத்தில், ஆண்டுக்கு ஒரு நாள், முப்பது பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக் காலையில் கிளம்பி மாலையில் திரும்புவார். புவியியல் பாடம். ஓடைக்கரைப் பாதையில் நடப்பது, தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று இலையை விட்டுப் பார்ப்பது, மேடு எது பள்ளம் எது என்று மூச்சு வாங்குவதை வைத்துக் கண்டுபிடிப்பது, கடைசியில் ஓடையை அளந்து வரைபடம் போடுவது.

"ஆறு, மலை, சமவெளி எல்லாம் புத்தகத்துலயே கலர் கலராப் போட்டிருக்கே, எதுக்கு இந்த ஊர்வலம்?" என்று தலைமை ஆசிரியர் ஆண்டுதோறும் கேட்பார்.

"புத்தகத்து ஆத்துல செருப்பு நனையாதே சார்" என்று இவரும் ஆண்டுதோறும் சொல்வார். கையெழுத்துக் கிடைத்துவிடும்.

வரிசைக்கு முன்னால் டீச்சர். பின்னால் பள்ளி ஆயா. கடைசியில் நடப்பதால் பிள்ளைகளுக்கு அவர் வால் அக்கா. டீச்சரைவிட ஏழெட்டு வயது மூத்தவர் என்பதால் டீச்சருக்கும் அக்காதான். தெருமுனைக்குத் தெருமுனை தலை எண்ணுவது அவர் வேலை. ஒருமுறை எண்ணிக்கை முப்பத்தொன்று வந்து அவருக்குக் கை கால் ஓடவில்லை. "டீச்சர், ஒண்ணு குறைஞ்சாக் கூடத் தேடலாம், கூடிப் போச்சுன்னா எங்க போய்த் தேடுறது?" என்றார். வரிசை வேடிக்கையாக இருக்கிறதே என்று வழியில் ஒரு கடைக்காரரின் மகள் வந்து சேர்ந்துகொண்டிருந்தாள். அவள் மறு ஆண்டு இதே பள்ளியில் சேர்ந்தாள்.

இனி கயிற்றுக்கு வருவோம். கதையே அதில்தான் தொங்குகிறது.

துணி காயப்போடுகிற நீளக் கயிறு. ஏழு வயதுப் பிள்ளைக்குச் சென்டிமீட்டர் என்றால் ஸ்கேலில் இருக்கும் சின்னக் கோடு. டீச்சரின் முறை வேறு. கிளம்புவதற்கு முதல்நாள் பிள்ளைகளை மைதானத்தில் நடக்கவிடுவார். யாருடைய தப்படி பெரிது, யாருடையது சிறிது என்று பெரிய சண்டை நடக்கும். நெட்டையும் வேண்டாம் குட்டையும் வேண்டாம் என்று நடுத்தரமான ஒரு பிள்ளையை அவர்களே தேர்ந்தெடுப்பார்கள். அந்தப் பிள்ளையின் தப்படிக்குத் தப்படி கயிற்றில் ஒரு முடிச்சு. ஐம்பது முடிச்சு. அளவு என்பது மேலேயிருந்து யாரோ போட்ட கட்டளை இல்லை, பத்துப் பேர் கூடிப் பேசி ஒத்துக்கொள்வது என்று பிள்ளைகளுக்கு உடம்பிலேயே புரிந்துவிடும். அடுத்த ஆண்டு வேறு பிள்ளைகள். பழைய முடிச்சையெல்லாம் வால் அக்கா நகம் தேய அவிழ்த்துத் தருவார். புதுச் சண்டை, புது முடிச்சு.

டீச்சரின் கணவர் தையல்காரர். டேப் கழுத்திலேயே கிடக்கும். சாப்பிடும்போதுகூடக் கழற்ற மாட்டார். "வீட்டுல அளவு டேப்பைக் கழுத்துல மாட்டிக்கிட்டு ஒரு மனுஷன் உக்காந்திருக்கேன். நீ என்னடான்னா கயித்தைத் தூக்கிக்கிட்டுத் திரியிற. இதை எடுத்துட்டுப் போனா என்ன கொறஞ்சா போயிடுவ?"

"உங்க டேப்பு சட்டைக்குத்தாங்க. அது ஒரு பிள்ளைக்கு யோசிக்கக் கத்துக்குடுக்காது."

"யோசிச்சுக்கிட்டே இருங்க. நான் காலர் தைக்கிறேன்."

கயிறு தயாரானதும் ஒத்திகையாகப் பள்ளியின் முன்சுவரை வாசல் தூணிலிருந்து மூலைவரை அளப்பார்கள். பிறகு ஓடைக்குப் போவார்கள். அங்கே கரையில் ஆமை போல முதுகு காட்டிக் கிடக்கும் ஒரு பாறை. கயிற்றின் ஒரு முனையைப் பிள்ளைகள் அதன்மேல் பிடித்துக்கொள்ள, மறுமுனையோடு வால் அக்கா தண்ணீரில் இறங்கி அக்கரைக்குப் போவார். முப்பது தொண்டைகள் முடிச்சை எண்ணும். வகுப்புக்கு வந்து ஒரு பெரிய தாளில் வரைபடம். அதில் பாதை, பாறை, ஓடை, தேதி, எல்லார் பெயரும், கீழே ஓர் ஓரத்தில் சுவருக்கு எத்தனை முடிச்சு, ஓடைக்கு எத்தனை முடிச்சு என்ற கணக்கும் இருக்கும். தாளின் தலையில் டீச்சர் ஒரே வரியை ஒவ்வோர் ஆண்டும் எழுதுவார்: பார்த்ததை மட்டும் எழுது.

அக்கரையில் லாரிகள் மண் கொட்டத் தொடங்கிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. முதலில் கண்டுகொண்டது வால் அக்காதான். "எனக்குக் கால் நீளமாயிடுச்சா, இல்ல ஓடை சின்னதாயிடுச்சா டீச்சர்? முன்னல்லாம் போய்ச் சேர்றதுக்குள்ள முட்டிக்கு மேல நனைஞ்சிருவேன்." முப்பத்தொன்று முடிச்சு இருபத்தாறு ஆனது. இருபத்தாறு இருபது ஆனது. போன ஆண்டு பதினொன்று. டீச்சர் தலைமை ஆசிரியரிடம் சொன்னார். "மழை கம்மி" என்றார் அவர். மழை கம்மியானால் தண்ணீர் குறையும். கரை எப்படி நகர்ந்து வரும் என்று டீச்சர் கேட்டதற்கு, "அதெல்லாம் பெரியவங்க பார்த்துப்பாங்க" என்று பதில் வந்தது. டீச்சருக்கு அப்போது வயது நாற்பத்தாறு.

இந்த ஆண்டு ஓடைக்கரை மின்கம்பத்தில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. ஓடையின் அகலம் ஆறு மீட்டர் என உறுதிசெய்யப்பட இருக்கிறது. அதற்கு வெளியே இரு கரையிலும் உள்ள நிலம் சரக்குக் கிடங்கு கட்டும் நிறுவனத்துக்கு விடப்படும். ஆட்சேபம் உள்ளவர்கள் இன்ன தேதியில் நகர அலுவலகத்துக்கு ஆதாரத்தோடு வரலாம்.

அந்த நிலத்துக்குள்தான் பாதையும் இருந்தது, ஆமைப் பாறையும் இருந்தது. ஆறு மீட்டர் என்று முத்திரை விழுந்துவிட்டால் வேலி விழும். பிள்ளைகளின் அந்த ஒரு நாள் போகும். அதோடு போனால்கூடப் பரவாயில்லை. ஓடைக்குக் கீழே இருந்த பள்ளத் தெருவில்தான் வால் அக்காவின் வீடு. வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் வீடும் அங்கேதான்.

டீச்சர் பீரோவுக்கு மேலிருந்து பதினாறு தாள்களையும் இறக்கித் தூசி தட்டிச் சுருட்டினார். அவர் முகத்தில் அன்று ஒரு களை இருந்தது. ஆதாரம் கேட்கிறார்கள், ஆதாரம் இருக்கிறது. அறிவுள்ளவர்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் இதைவிட என்ன வேண்டும்? அப்படித்தான் நினைத்தார் பாவம்.

விசாரணை அறையில் ஒரு நீள மேசை, மேலே சத்தம் போடும் மின்விசிறி. மேசைக்கு ஒரு பக்கம் அதிகாரி. நிறுவனத்தின் பக்கம் மூன்று பேர். மூன்றாமவன் நில அளவையாளன், இருபத்து மூன்று வயது இருக்கும். அவன் எழுந்து "டீச்சர்" என்றான். அவருக்கு அடையாளம் தெரியச் சற்று நேரமானது. முதன்முதலாக ஓடைக்குப் போன வகுப்பில் இருந்தவன். எதைச் சொன்னாலும் "ஏன் டீச்சர்?" என்பான். அவனுக்கு ஏனப்பன் என்றே பெயர் வைத்திருந்தார்கள்.

"நீயாடா? அளக்கிற வேலைக்கே போயிட்டியா?"

"உங்களாலதான் டீச்சர்" என்று சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தான்.

டீச்சர் தாள்களை மேசையில் விரித்தார். பதினாறு ஓடைகள், வர வர ஒடுங்கிக்கொண்டே வந்தன. பார்க்கத் தெரிந்த யாருக்கும் போதும்.

அதிகாரி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "முடிச்சு முடிச்சுன்னு போட்டிருக்கே, அப்படின்னா என்னம்மா?"

"ஒரு பிள்ளையோட தப்படி சார்."

"எந்தப் பிள்ளை?"

"அந்தந்த வருஷத்துப் பிள்ளை."

நிறுவனத்தின் ஆட்களில் ஒருவர் இருமுவதுபோல் சிரித்தார். அதிகாரி அளவையாளனைப் பார்த்தார். "தம்பி, நீங்க சொல்லுங்க. இதை மீட்டருக்கு மாத்த முடியுமா?"

அவன் மேலே கிடந்த முதல் தாளை எடுத்தான். அது அவன் வகுப்பின் தாள். ஓரத்தில் அவன் பெயர் கோணல் மாணலாக இருந்தது. முப்பத்தொன்று என்று பெரிதாக எழுதியிருந்ததும் அவன் கைதான். அதைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டான்.

"டீச்சர்... முடிச்சு ஒவ்வொரு வருஷமும் புதுசாத்தானே போடுவீங்க?"

 ஒரேயொரு "இல்லை" போதும். கயிறு ஒன்றுதான். அது அவர் பைக்குள்ளேயே இருந்தது. எடுத்துக்காட்டி, பதினாறு ஆண்டும் இதே முடிச்சுதான் என்று சொல்லியிருந்தால் மறுத்துச் சொல்ல யார் இருக்கிறார்கள்? அவன் மறுத்திருப்பானா? துணைக்கு வந்து பின்னால் நின்ற வால் அக்கா டீச்சரின் முதுகில் ஒரு கிள்ளு கிள்ளினார்.

"ஆமா" என்றார் டீச்சர். "பழசை அவிழ்த்துட்டுப் புதுசாத்தான் போடுவோம்."

"அப்போ பதினாறு வருஷத்துக்குப் பதினாறு அளவுகோல்" என்று அதிகாரி தாள்களை அவரே அன்பாகச் சுருட்டிக் கொடுத்தார். "பிள்ளைங்களுக்குப் பாடம் நடத்த நல்லாத்தான் இருக்கும்மா. சாட்சிக்கு ஆகாது."

நிறுவனம் காட்டிய ஆதாரம் அலுவலகத்தின் பழைய வரைபடம். அதில் ஓடை ஒரு நீலக் கோடு, அதன் தடிமன் ஆறு மீட்டர் என்று கணக்கு. அந்தக் கோட்டைப் போட்டவர் யார், எதைக்கொண்டு அளந்தார், அளந்துதான் போட்டாரா, பேனா முனையைப் பொறுத்துக் கோடு தடித்ததா மெலிந்ததா என்று அந்த அறையில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. நானூற்றெண்பது பிள்ளைகள் வெயிலில் நின்று எண்ணியதற்கு இருக்கிற சந்தேகமெல்லாம், எவனோ ஒருவன் நாற்காலியில் உட்கார்ந்து இழுத்த கோட்டுக்குக் கிடையாது. அதில் முத்திரை இருந்தது.

வாசலில் அவன் பின்னாலேயே வந்தான். "டீச்சர், நான் பொய் சொல்லலை."

"தெரியும்டா. நீ பொய் சொல்லியிருந்தா உன்னைத் திட்டியாவது மனசு ஆறியிருக்கும்."

அன்று மாலை டீச்சர் தாள்சுருளை வீட்டு மூலையில் சாத்தினார். கணவர் கழுத்து டேப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லாததுதான் டீச்சருக்கு இன்னும் உறுத்தியது. வால் அக்கா சமையலறை வாசலில் உட்கார்ந்து, டீச்சர் கொடுத்த டீயை ஆற வைத்துக்கொண்டே இருந்தார்.

"பிள்ளைங்க மாறுதுங்க, முடிச்சு மாறுது, ஓடை மாறுது. எல்லாம் சரி" என்றார் திடீரென்று. "சுவரு மாறலையே டீச்சர்?"

"எந்தச் சுவரு?"

"ஸ்கூல் சுவருதான். வருஷா வருஷம் வெள்ளையடிக்கிறது நான்தானே. தூணு அங்கேயேதான் நிக்குது, மூலை அங்கேயேதான் இருக்கு. ஒரு செங்கல்லு கூடலை, குறையலை."

டீச்சர் எழுந்த வேகத்தில் டம்ளர் உருண்டது. முதல் தாள்: சுவர் நாற்பத்து நான்கு முடிச்சு, ஓடை முப்பத்தொன்று. கடைசித் தாள்: சுவர் நாற்பது, ஓடை பதினொன்று. எத்தனை முடிச்சு மாறினாலும் சுவர் ஒன்றுதானே! ஒத்திகைக்கு அளந்த சுவர் பதினாறு கயிற்றுக்கும் அளவுகோலாக நின்றுகொண்டிருந்தது. நான்காம் வகுப்புக் கணக்கு. அறை நிறையப் படித்தவர்கள் இருந்தும் ஒருவருக்கும் தோன்றவில்லை. டீச்சருக்கும் தோன்றவில்லை என்பதை மறைக்க வேண்டாம்.

கணவர் ஒன்றும் கேட்காமல் டேப்போடு எழுந்தார். வெளிச்சம் போவதற்குள் மூவரும் பள்ளிச் சுவரோரம் நின்றார்கள். தையல்காரர் குனிந்து குனிந்து, சாக்குக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டே போனார். "சட்டைக்கு எடுத்தா இது யானைக்குத்தான் சரியா வரும்" என்றார். இருபத்திரண்டு மீட்டர். அப்படியானால் முதலாண்டு முடிச்சு ஐம்பது சென்டிமீட்டர்; ஓடை பதினைந்தரை மீட்டர். போன ஆண்டு முடிச்சு ஐம்பத்தைந்து. ஓடை ஆறு மீட்டரும் ஐந்து சென்டிமீட்டரும். ஒன்பது மீட்டருக்கு மேல் ஓடையை யாரோ எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மறுநாள் டீச்சர் அந்தக் கணக்கோடு அளவையாளனின் அறைக்குப் போனார். அவன் இரண்டு முறை சரிபார்த்தான். அவன் முகத்தில் ஒரு நிமிடம் அந்தப் பழைய ஏனப்பன் வந்துபோனான்.

"கணக்கு சரிதான் டீச்சர். பிரமாதம்."

"அதையே எழுதி ஒரு கையெழுத்துப் போட்டுக் குடு. நீ பார்த்ததைத்தானே எழுதப் போற?"

அவன் பேனாவைத் திறக்கவில்லை. "வேலை போயிடும் டீச்சர். வீட்டுல அம்மாவுக்கு உடம்பு சரியில்லை."

டீச்சர் அவனைத் திட்டவில்லை. நிறுவனத்துக்குச் சாதகமான உண்மையைச் சபையில் சொல்லலாம். பாதகமான உண்மையை அறைக்குள்ளே பாராட்ட மட்டும்தான் முடியும் என்று அவனுக்கு இந்த வயதுக்குள்ளேயே கற்றுக்கொடுத்துவிட்டார்கள். இரண்டாம் வகுப்பில் கற்றுக்கொடுத்ததைவிட அது ஆழமாக இறங்கியிருந்தது.

அவர் தனியாகவே மனு எழுதினார். பதினாறு தாளின் கணக்கும் அட்டவணையாகப் போட்டார். நேரில் வந்து அளந்து பாருங்கள், சுவர் எங்கும் ஓடிவிடாது என்று எழுதினார். இருபது நாள் கழித்து இரண்டு வரியில் பதில் வந்தது. ஆட்சேபம் தெரிவிக்கும் காலம் விசாரணை நாளோடு முடிந்துவிட்டது. மேலும், பள்ளிச் சுவர் இந்த விசாரணைக்கு உட்பட்டதல்ல.

வேலி வந்தது. ஆமைப் பாறையை ஓர் இயந்திரம் அரை நாளில் உடைத்து, அந்தக் கல்லையே வேலிக்கு அடியில் போட்டது. மழையும் வந்தது. மூன்றாம் நாள் காலையில் வகுப்பில் பதினான்கு பிள்ளைகள்தான் இருந்தார்கள். வால் அக்கா தாமதமாக வந்தார், இடுப்புவரை ஈரம். டீச்சர் கேட்பதற்குள் அவரே சொன்னார்: "வீட்டுக்குள்ள ரெண்டு முடிச்சுத் தண்ணி டீச்சர்." சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

தண்ணீருக்கு முத்திரை தெரியாது. ஆறு மீட்டருக்குள் போ என்று எழுதிக் கொடுத்தால் படிக்காது. பதினைந்தரை மீட்டரில் போன தண்ணீர் மிச்ச இடத்தைப் பள்ளத் தெருவில் எடுத்துக்கொண்டது.

ஓடை வற்றும் மாதம் வந்தது. டீச்சர் வழக்கம்போல் தலைமை ஆசிரியரின் மேசைக்கு முன் நின்றார்.

"எங்க கூட்டிட்டுப் போவீங்க? வேலிக்கா?" என்றார் அவர். குரலில் கேலி இல்லை. அவரும் களைத்துப் போயிருந்தார். "வெளியே போறது ஆபத்துன்னு சுற்றறிக்கையே வந்திருக்கு. பேசாம மைதானத்துல ஒரு ஆறு வரைஞ்சு நடத்திடுங்களேன்."

டீச்சர் மைதானத்தில் நீலச் சாக்குக்கட்டியால் ஓர் ஓடை வரைந்தார். பிள்ளைகள் அதன் இரு பக்கமும் நின்றார்கள். வால் அக்கா வழக்கப்படி தலை எண்ணினார். மைதானத்துக்குள் யார் தொலையப் போகிறார்கள்? இருந்தாலும் எண்ணினார். ஒரு சின்னப் பெண் இலையொன்றைக் கொண்டுவந்து நீலத்தின்மேல் வைத்துவிட்டு அது நகருமா என்று குந்தி உட்கார்ந்து பார்த்தாள்.

"எந்தப் பக்கம் போகும் டீச்சர்?"

 டீச்சர் இந்த ஆண்டு பையிலிருந்து கயிற்றை எடுக்கவில்லை. புதிதாக வாங்கிய இருபது மீட்டர் எஃகு டேப்பை எடுத்தார். ஒரு பிள்ளை ஒரு முனையைப் பிடித்தது, வால் அக்கா மறுமுனையோடு நனையாமல் நடந்து போனார். பதினைந்து மீட்டர், ஐம்பது சென்டிமீட்டர். எல்லாரும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள், தேதியோடு. இல்லாத ஓர் ஓடையை இவ்வளவு சரியாக யாரும் அளந்திருக்க மாட்டார்கள். சாயங்காலம் மைதானத்துக்குத் தண்ணீர் தெளித்தபோது அதுவும் அழிந்தது.

இந்த ஓடைக்கு இனி ஒன்றும் செய்வதற்கில்லை. உங்கள் பக்கத்து ஓடைக்கு இன்னும் மின்கம்பத்தில் அறிவிப்பு ஒட்டப்படாமல் இருக்கலாம். ஆகவே இந்த வாரமே ஓர் எஃகு டேப்பை எடுத்துக்கொண்டு போங்கள். வீட்டில் ஏழு வயதுப் பிள்ளை இருந்தால் மறுமுனையைப் பிடிக்கக் கூட்டிக்கொண்டு போங்கள். அசையாத ஒரு பாறையிலோ சுவரிலோ தொடங்கி அளந்து, மீட்டரில் எழுதி, தேதி போட்டு, உடன் வந்த இரண்டு பேரிடம் கையெழுத்து வாங்கி, ஒரு நகலை நகர அலுவலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டோம் என்று அவர்கள் முத்திரையையே அதில் குத்தி வாங்கிவிடுங்கள். அடுத்த ஆண்டு அதே மாதம் மறுபடியும் போங்கள்.